உள்ளேயே இருக்கிறவர் மேல் ஒரு புகார்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் அத்தான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

அங்கே தாங்களும் தங்கள் மனைவியும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. முப்பத்துமூன்று வருடம் பதிவு அலுவலகத்தின் ஆவண அறையில் உட்கார்ந்து முறை தவறாமல் எழுதியவன் நான். இன்றைக்கு மட்டும் தவறுகிறேன், பொறுத்துக்கொள்ளவும். இங்கே சுகமில்லை. இந்தக் கடிதத்தைக் கம்ப்யூட்டரில் அடிக்காமல் பேனாவால், அடியில் கார்பன் தாள் வைத்து எழுதுகிறேன். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று கார்பன் தாள் தானாக முடிவு செய்வதில்லை. மேலே எழுதினால் கீழே விழும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான், எனக்கு அது போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் அக்காவின் குரல் மொத்தமும் போய்விட்டது. பதறவேண்டாம், தொண்டையில் இருக்கிற குரலைச் சொல்லவில்லை. ஏழு மாதமாக நாளொன்றுக்கு ஒன்று என்று நான் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்த குரல். இருநூற்றுப் பதின்மூன்று ஃபைல். தங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் புகார் என்று எழுதினால் முதலிலிருந்து எழுதவேண்டும். ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்து, நானூறு நம்பரை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, பெரிய பெரிய டாக்டர்களையே "லைன்ல இருங்க" என்று அதட்டி நிறுத்தியவள், போன வருடம் ஒரு காலையில் டம்ளரைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பக்கவாதம். கால் ஓரளவு தேறிற்று. வலது கை பாதி தேறிற்று. பேச்சு மட்டும் தேறவில்லை. சொல்வதெல்லாம் புரிகிறது, திருப்பிச் சொல்ல வார்த்தை வரவில்லை, எழுதவும் வரவில்லை. மறுவாழ்வு மையத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்தான் சொன்னாள்: "சார், தினமும் ஒரு நிமிஷம் அவங்க சொல்றதை ரெக்கார்ட் பண்ணி வைங்க. மூணு மாசத்துக்கு ஒருதடவை பெரிய டாக்டர் பார்ப்பாரு. முன்னேற்றம் தெரிஞ்சாத்தான் வகுப்பு தொடரும். இல்லன்னா வரிசையில காத்துக்கிட்டு இருக்கிற அடுத்தவங்களுக்கு இடம் போயிடும்." பெரிய டாக்டர் ஓர் ஆளுக்குக் கொடுப்பது எட்டு நிமிடம். தங்கள் அக்காவோ புது முகத்தைப் பார்த்தால் உதட்டைப் பூட்டிக்கொள்வாள். போன தடவை அந்த எட்டு நிமிடத்தில் அவள் ஒரு "ம்"கூடச் சொல்லவில்லை. நான் பதிவைப் போட்டுக் காட்டினேன், அவர் தலையை ஆட்டிவிட்டு இன்னும் மூன்று மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அடுத்த தடவை அவர் பார்க்கப்போவது வருகிற வியாழக்கிழமை. போட்டுக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

இனி தங்கள் பங்குக்கு வருகிறேன். ஒரு டேப்ரெக்கார்டரில் பதிந்து, கேசட் மேல் சீட்டு ஒட்டி, பீரோவில் வரிசையாக அடுக்கலாம் என்றுதான் நான் சொன்னேன். நீங்கள்தான் போனில் சிரித்தீர்கள். "அத்தான், எந்தக் காலத்துல இருக்கீங்க? கம்ப்யூட்டர் அனுப்பறேன், அது முன்னால பேசினா போதும், அதுவே பதிஞ்சுக்கும்" என்றீர்கள். கெட்டுப்போனால் என்ன செய்வது என்று கேட்டேன். பேக்கப் இருக்கிறது என்றீர்கள். அதைத் தனியாக வாங்கவேண்டுமா என்று கேட்டேன். "அய்யோ அத்தான், தனியா எதுக்கு? உள்ளேயே இருக்கு. அதுபாட்டுக்கு வேலை பார்க்கும். நீங்க மறந்தே போயிடலாம்" என்றீர்கள். அன்றைக்கே நான் அவருக்கு உள்ளிருப்பவர் என்று பெயர் வைத்துவிட்டேன். ஆளைப் பார்த்ததில்லை, ஆனாலும் மரியாதை கொடுத்தேன். எங்கள் ஆவண அறையிலும் ஓர் உதவியாளர் இருந்தார், பதினொரு வருடம் உள்ளேயேதான் இருந்தார். உள்ளே என்ன செய்தார் என்பது அவர் ஓய்வு பெற்ற பிறகும் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்கவேண்டும்.

தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு உள்ளிருப்பவர் விழித்துக்கொள்வார். நீங்கள் கூடவே அனுப்பிய கறுப்புப் பெட்டி, அதுதான் அந்த ஹார்ட் டிஸ்க், கடகடவென்று ஒரு சத்தம் போடும். திரையின் மூலையில் "பேக்கப் தயாராகிறது, இன்னும் நான்கு நிமிடம்" என்று வரும். அந்த நான்கு நிமிடம் முக்கால் மணி நேரம் ஓடும். நடுவில் திடீரென்று "இன்னும் பதினொரு நாள்" என்பார். நான் வாயைப் பிளந்துகொண்டு எழுந்து நிற்கும்போதே "முடிந்தது" என்று ஒரு பச்சை டிக்கைப் போட்டுவிட்டு மறுபடி உள்ளே போய்விடுவார். நான் அவரை நம்பிச் சும்மா இருந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். கெட்டி அட்டை போட்ட ஒரு பதிவேடு வாங்கினேன். நாள், நேரம், டிக் வந்ததா, கையொப்பம் என்று நான்கு கட்டம் போட்டேன். இருநூற்றுப் பதின்மூன்று டிக்குக்கும் என் கையொப்பம் இருக்கிறது. ஒரே ஒரு நாள் பச்சைக்குப் பதில் ஆரஞ்சு நிறத்தில் ஓர் ஆச்சரியக்குறி வந்து, பிறகுதான் டிக் வந்தது. "சில ஃபைல்கள் விடுபட்டன. நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை" என்று எழுதியிருந்தது. எதுவும் செய்யவேண்டாம் என்று மேலிடமே சொன்னால் கீழே இருக்கிறவன் என்ன செய்வான்? அதையும் பதிவேட்டில் ஏற்றி, சிவப்பு மையில் "மேலிடத்து உத்தரவுப்படி நடவடிக்கை இல்லை" என்று குறித்து, தேதி போட்டு வைத்தேன். முப்பத்துமூன்று வருடம் நான் பழகிய பழக்கம் இது. ஓர் இடத்தில்கூட அடித்தல் திருத்தல் கிடையாது.

பதிவுகள் எப்படி இருந்தன என்று உனக்குத் தெரியாது, நீ கேட்கவில்லை. முதல் நாள் வெறும் மூச்சு. ஒன்பதாம் நாள் "ம்". இருபத்துமூன்றாம் நாள் "த, த" என்று எட்டு தடவை, முப்பதாம் நாள் அது "தண்ணி" ஆயிற்று. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதுவும் பதிவாகியிருந்தது, மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அறுபத்தோராம் நாள் முழுசாக இன்னொரு வார்த்தை: "வேண்டாம்." அவ்வளவு சுத்தமாக வந்தது! அதற்குப் பிறகு நான் மைக்கைக் கையில் எடுத்தாலே தானாகவே "வேண்டாம், வேண்டாம்" என்று ஆரம்பித்துவிடுவாள். பயிற்சியில் அவளுக்கு இருந்த ஆர்வத்தைப் பார். வீட்டுக்கு யார் வந்தாலும் உட்காரவைத்து முதல் நாளிலிருந்து வரிசையாகப் போட்டுக் காட்டுவேன். மாடிவீட்டுக்காரர் இரண்டு தடவை முழுக்கக் கேட்டிருக்கிறார். மீட்டர் பார்க்க வந்தவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்பத்திரண்டாம் நாள்வரை கேட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். அவளோடு போர்டில் வேலை பார்த்த மூன்று பேர் பார்க்க வந்தார்கள். அவர்களுக்கும் போட்டேன். முதல் பத்து நாள் ஓடுவதற்குள் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். உன் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள், வந்தவர்கள் கிளம்பும்போதுகூட முகத்தைத் திருப்பவில்லை. களைப்பாக இருந்திருக்கும்.

போன புதன்கிழமை காலை. அவளுக்கு டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு, இருநூற்றுப் பதினான்காம் நாளைப் பதிய உட்கார்ந்தேன். ஃபோல்டரைத் திறக்கிறேன், காலி. துடைத்து வைத்த தட்டு மாதிரி வெள்ளையாக இருக்கிறது. மூடித் திறந்தேன், காலி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன், அப்போதும் காலி. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போட்டேன். மறுபடியும் காலி. ஆனாலும் மனசுக்குள் ஒரு மூலையில் தைரியமாகத்தான் இருந்தேன். இந்த ஒரு நாளுக்காகத்தானே ஒருத்தர் இத்தனை மாதம் உள்ளே இருக்கிறார் என்று நினைத்து அவர் கதவைத் தட்டினேன். "எந்த நாளுக்குத் திரும்பவேண்டும்?" என்று பணிவாகக் கேட்டார். நாள்களையெல்லாம் கட்டம் கட்டமாக விரித்துக் காட்டினார். நேற்றைத் தொட்டேன். உள்ளே ஓர் அருவிப் படம். கம்ப்யூட்டர் வரும்போதே அதில் இருந்த படம், நான் ஒருநாளும் தொட்டதில்லை. கூடவே "வருக" என்று ஒரு வரவேற்புக் கடிதம், ஒரு மாதிரிப் பாட்டு, "புதிய ஃபோல்டர்" என்று ஒன்று, "புதிய ஃபோல்டர் இரண்டு" என்று ஒன்று, இரண்டும் காலி. முந்தாநாளைத் தொட்டேன், அருவி. போன மாதத்தைத் தொட்டேன், அருவி. உன் அக்கா "தண்ணி" என்று சொன்ன நாளைத் தொட்டேன், அன்றைக்கும் அருவிதான். இருநூற்றுப் பதின்மூன்று நாளும் அந்த மனுஷன் அதே அருவியை நகல் எடுத்து, அதே அருவிக்கு டிக் போட்டு, என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். இருநூற்றுப் பதின்மூன்று அருவி, தம்பி! உலகத்தில் எந்த அருவியும் இவ்வளவு பத்திரமாக இருந்ததில்லை.

ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டேன். முதலில் ஒரு பதிவுசெய்த குரல், நாற்பது நிமிடம். அந்தக் குரல் மட்டும் அழியாமல் பத்திரமாக இருக்கிறது, கவனி. பிறகு ஒரு பெண் வந்தாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, என்னவோ தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சார், உங்க பேக்கப்ல எந்தப் பிரச்சினையும் இல்லை சார். பேக்கப் நல்லா இருக்கு. ஃபைல்தான் இல்லை."

"ஃபைல் இல்லாத பேக்கப்பை வச்சு நான் என்னம்மா பண்றது?"

"அது எந்தெந்த ஃபோல்டரைப் பார்க்கணுமோ அதை மட்டும்தான் சார் பார்க்கும். உங்க ரெக்கார்டிங் எல்லாம் வேற இடத்துல சேர்ந்திருக்கு. அது முக்கியம்னு நீங்க சொல்லலையே சார்."

"அருவி முக்கியம்னு நான் சொன்னேனா?"

"அது ஏற்கெனவே டிக் ஆகி இருந்திருக்கும் சார். வேற ஏதாவது உதவி வேணுமா சார்? எங்க சேவைக்கு அஞ்சுக்கு எத்தனை மார்க் கொடுப்பீங்க?"

என் வாயில் வந்ததை அவளிடம் சொல்லவில்லை. யார் பெற்ற பெண்ணோ, எங்கேயோ உட்கார்ந்து நாளெல்லாம் என்னைப் போன்ற கிழங்களிடம் திட்டு வாங்குகிறாள், உன் அக்காவும் அப்படி வாங்கியவள்தான். மூன்று மார்க் கொடுத்துவிட்டு வைத்தேன். பிறகு கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவரிடம் கம்ப்யூட்டரையே இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஒரு பகல் முழுக்க எதையோ ஓடவிட்டுப் பார்த்தார். "சார், இது தானா போகல. யாரோ அழிச்சிருக்காங்க. குப்பைத்தொட்டியையும் சுத்தமா காலி பண்ணிட்டாங்க. தெரிஞ்ச கை சார் இது" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். நான் அழிக்கிற ஆளா? உன் அக்காவுக்கு வலது கையில் ஸ்பூன்கூட நிற்காது, பாவம், மவுஸைப் பிடித்தா அழிக்கப்போகிறாள்? வீட்டுக்குள் இருக்கிற மூன்றாவது ஆள் ஒருவர்தான், அவர் உள்ளேயே இருக்கிறார். அருவிக்கு இடம் பற்றவில்லை என்று அவரே எல்லாவற்றையும் துடைத்துப் போட்டிருக்கிறார் என்பது என் முடிவு. "இன்னொரு பேக்கப் வச்சிருக்கலாமே சார்" என்று ரிப்பேர்காரர் கேட்டார். பேக்கப்புக்கு ஒரு பேக்கப், அதற்கு ஒரு பேக்கப் என்று வைத்துக்கொண்டே போக நான் என்ன கட்டடமா கட்டுகிறேன்? பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் ஓடினேன். "எங்ககிட்ட நோட்ஸ்தான் சார் இருக்கு, டாக்டர் குரலைக் கேட்கணும்னு சொல்வாரே" என்று கையைப் பிசைந்தாள். ஐந்து நாளாக மறுபடி பதியப் பார்க்கிறேன். உன் அக்கா வாயையே திறக்கமாட்டேன் என்கிறாள். அவ்வளவு சுத்தமாக வந்துகொண்டிருந்த "வேண்டாம்"கூட இப்போது வருவதில்லை.

இதெல்லாம் யாரால் வந்தது? உன்னால் வந்தது. உன் வாயால் வந்தது. ஒரு கேசட் வாங்கிக்கொள்ளுங்கள் அத்தான் என்று நீ சொல்லியிருந்தால் இன்றைக்கு என் பீரோவில் இருநூற்றுப் பதின்மூன்று நாளும் வரிசையாக நின்றிருக்கும். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றதும் கம்ப்யூட்டர் அனுப்பினாய், கறுப்புப் பெட்டி அனுப்பினாய், நடப்பதற்கு மெஷின் அனுப்பினாய், கையில் கட்டிக்கொள்ள நாடி பார்க்கிற கடிகாரம் அனுப்பினாய். எல்லாம் வந்தது, நீ மட்டும் வரவில்லை. ஏழு மாதம் ஆயிற்று. போன் ஏன் பண்ணுவதில்லை என்று கேட்டால், "அக்கா பேசமாட்டேங்கிறாங்க, ரொம்பக் கஷ்டமா இருக்கு அத்தான்" என்கிறாய். அவளால் பேச முடியாது, சரி. உனக்கு என்ன வந்தது? நீ பேசலாமே. அவளுக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. வியாழக்கிழமை அந்த டாக்டர் வகுப்பு முடிந்தது என்று எழுதிவிட்டால், அதற்கப்புறம் அவளுக்கு நான்தான் வாத்தியார், இந்தச் சுவர்தான் பள்ளிக்கூடம். இவ்வளவு எழுதியும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

பெரியவனாக இருந்துகொண்டு வாழ்த்தாமல் முடிப்பது சரியல்ல. உன் மனைவிக்கு என் விசாரிப்பைச் சொல்லவும். உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, நீ சொல்வதை வருடத்துக்கு ஒரு தடவையாவது கேட்டு நடக்கட்டும். உன் கம்பெனியில் உனக்குப் பதவி உயர்வு வரட்டும், அது வந்துவிட்டதாகத் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு உனக்குப் பச்சை டிக் விழட்டும்.

இப்படிக்கு,
இருநூற்றுப் பதின்மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு ஏமாந்த
உன் அத்தான்

பி.கு.: எழுதியதை அனுப்புவதற்கு முன் ஒருமுறை வாய்விட்டு வாசித்துச் சரிபார்ப்பது ஆவண அறைப் பழக்கம். உன் அக்காவின் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு வாசித்தேன். உன்னைத் திட்டுகிற இடம் வந்ததும் அவள் இடது கையை நீட்டித் தாளை அமுக்கினாள். "தம்பிய... திட்டாதீங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் அவள் இதுவரை சொன்னதில்லை. இன்னொரு தடவை சொல்லு என்றேன். அதைச் சொல்லவில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "நான்தான். அழிச்சேன்" என்றாள். நான் நம்பவில்லை. எழுந்து போய், மேஜைமுன் உட்கார்ந்து, இடது கையால் மவுஸைப் பிடித்து, குப்பைத்தொட்டியைத் திறந்து காலி செய்வது வரைக்கும் எனக்குச் செய்து காட்டினாள். ஏழு மாதம் பக்கத்தில் உட்காரவைத்து அவள் கண்முன்னால்தானே எல்லாம் செய்தேன். நானூறு நம்பரை மனசில் வைத்திருந்தவளுக்கு இரண்டு பொத்தானா தெரியாது? ஏன் இப்படிச் செய்தாய் என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. வெகுநேரம் வார்த்தையைத் தேடினாள். நான் எடுத்துக் கொடுக்கப் போனேன், கையைக் காட்டி நிறுத்தினாள். "எல்லாருக்கும்... போட்டு... போட்டு..." என்றாள். கண் கலங்கிற்று. "என் சத்தம்" என்றாள். மீட்டர் பார்க்க வந்தவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கூச்சமாக இருந்தது, தம்பி. ஆகையால் மேலே உன்னைச் சொன்னதில் பாதியை நீ வாசிக்காததாக வைத்துக்கொள். வந்து பார்க்கவில்லை என்று சொன்ன பாதி அப்படியே நிற்கிறது. எழுதிய தாளைக் கிழித்துப் பழக்கமில்லை, அதனால் இப்படியே அனுப்புகிறேன். உள்ளிருப்பவர் உன் அக்காவின் குரலை நகல் எடுக்காமல் விட்டதும் நல்லதாகப் போயிற்று, இதை அவரிடம் சொல்லிவிடாதே. வழக்கம்போல் மைக்கை எடுக்க எழுந்தேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன். சரி, வியாழக்கிழமை டாக்டருக்கு எதைக் காட்டுவது என்று கேட்டேன். தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "நான்... பேசறேன்" என்றாள்.